பரிசுப் படத்துக்கு விழுந்த ரப்பர் விதைகள்

பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், அதே மேசையில் உங்களோடு உட்கார்ந்திருக்கும் என் மகளுக்கும் மகனுக்கும் இதை எழுதுகிறேன்.

விருது விழா நெருங்குகிறது. எந்தப் படத்துக்குப் பரிசு, எந்த நடிகருக்குப் பரிசு என்று முன்கூட்டியே எழுதும் வேலையை இந்த முறை உங்களிடம் கொடுத்திருக்கிறார்களாம். "அப்பா, ஆயுசு பூரா தியேட்டர்ல இருந்தீங்க. எப்படிக் கணிக்கிறதுன்னு புள்ளைங்களுக்கு எழுதிக் குடுங்களேன்" என்று மகள் கேட்டாள். நான் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவன். நடிப்பு, ஒளிப்பதிவு என்று நீங்கள் எழுதுவதெல்லாம் எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது கொட்டகையும் அதில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களும்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த கொட்டகை, ஜொகூர் பக்கம் பாலோ என்ற சிற்றூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். என் இடது கால் சின்ன வயதிலேயே சூம்பிவிட்டது. மேடும் பள்ளமும் ஏறி மரத்தில் பால் வெட்டி எடுக்க லாயக்கில்லை என்று தோட்டத்தில் கழித்துவிட்டார்கள். அதனால் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்க வந்தேன்.

அங்கே கற்றுக்கொண்ட முதல் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். கைதட்டலை நம்பாதீர்கள். பக்கத்தில் இருப்பவன் தட்டினால் இவனும் தட்டுவான். எங்கள் கொட்டகையில் பின்பக்கம் கக்கூஸுக்குப் போக ஒரு பலகைக் கதவு உண்டு. அதன் கீல் துருப்பிடித்து, திறக்கும்போதெல்லாம் கீச்சென்று கத்தும். நான் அந்தச் சத்தத்தைத்தான் கேட்பேன். எந்தப் படத்துக்கு அந்தக் கதவு கத்தவில்லையோ, அந்தப் படம் ஓடும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானே தவிர எழுந்து போகமாட்டான். இதை வைத்து நான் சொன்னது பெரும்பாலும் பலித்தது. நான் காலை ஊன்றி ஊன்றி நடப்பதை வைத்து 'யானையடி ஜோசியம்' என்று கேலி செய்தாலும், புதுப் படம் வந்தால் என்னிடம்தான் வந்து கேட்பார்கள்.

ஜப்பான்காரன் வந்த பிறகு இந்தியாவிலிருந்து படம் வருவது நின்றது. கிடங்கில் கிடந்த பழைய தமிழ்ப் படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டினோம். நடுநடுவே ஜப்பான் படங்களைப் போடச் சொல்லி உத்தரவு வரும். அந்தப் பாஷை யாருக்குப் புரியும்? அதனால் சத்தத்தைக் குறைத்துவிட்டு, நான் திரைக்குப் பக்கத்தில் நின்று தகரக் குழலில் கதையைத் தமிழில் சொல்வேன். எனக்கும் பாஷை தெரியாது. படத்தைப் பார்த்து நானே கட்டிச் சொல்வதுதான். விமானம் வந்தால் நானும் உறுமுவேன். தாய் அழுதால் நானும் அழுவேன். நான் கதை சொல்லும்போது பின்கதவு கத்தாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

மெஷின் ஓட்டுபவர் ரெங்கசாமி அண்ணன். என்னைவிடச் சில வயது மூத்தவர். கொஞ்சம் வாய்த் துடுக்கு. "டேய், படத்துல நடிக்கிறவன விட நீ நல்லா நடிக்கிறடா. பரிசு குடுக்கறதா இருந்தா குழாய்க்காரனுக்குத்தான் குடுக்கணும்" என்பார். அவர் மனைவி அஞ்சலை பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவர். கொட்டகைக்கு வந்தால் அண்ணனுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு எனக்கும் ஒரு துண்டு அவித்த மரவள்ளிக் கிழங்கு இருக்கும்.

அந்த நாளில் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. ஆண்கள் டவுன் பக்கம் வரவே பயந்தார்கள். ரெங்கசாமி அண்ணனுக்குக் கொட்டகை வேலை இருந்ததால் தொடவில்லை. "மெஷின் ஓடுற வரைக்கும் இவரு இங்க இருப்பாரு" என்று அஞ்சலை அடிக்கடி சொல்வார். மாரியம்மனுக்கு விளக்குப் போடுவதுபோல அந்த மெஷினுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவார்.

இப்படி இருக்கையில்தான் பட இலாகா அதிகாரி ஒருவர் ஜொகூர் பாருவிலிருந்து வந்தார். ஜனங்களே தேர்ந்தெடுக்கும் சிறந்த படத்துக்குப் பரிசளிப்பு விழா நடக்கும் என்று தண்டோரா போடச் சொன்னார். மூன்று படங்கள் போட்டியில் இருந்தன. ஒன்று விமானச் சண்டைப் படம். இன்னொன்று பனி கொட்டும் ஊரில் நடக்கும் ஜப்பான் குடும்பப் படம். மூன்றாவது, காணாமல் போன புருஷன் கடைசியில் வீடு திரும்பும் எங்கள் பழைய தமிழ்ப் படம். எல்லாத் தோட்டத்துக்காரர்களும் வரலாம், டிக்கெட் கிடையாது, ஆளுக்கு ஒரு ஓட்டு. விமானப் படம் போட்டு முடிந்ததும் முடிவு சொல்வார்கள். பிறகு தமிழ்ப் படம். தமிழ்ப் படம் ஜெயித்தால் அதை மாதா மாதம் போட அனுமதி.

அவ்வளவுதான், ஊர் முழுக்க அதே பேச்சு. கிழங்குக்கு வரிசையில் நிற்கிறவன்கூட, "யாருக்கப்பா பரிசு?" என்று என்னைக் கேட்டான்.

"விமானப் படத்துக்குத்தான்" என்றேன். "பரிசு குடுக்கிறவன் யாருன்னு பாரு. தன் வீட்டுப் புள்ளைக்குத்தான் குடுப்பான்."

மேல்தோட்டத்து முனியாண்டிக்கு இதைக் கேட்டு ஆத்திரம் பொங்கியது. அவன் மீசை பாலோவிலேயே பேர்போனது. எண்ணெய்க்கு வழியில்லாத காலத்திலும் எதையோ தடவி முறுக்கி வைத்திருப்பான்.

"யோவ் யானையடி! ஜனங்க போடுற ஓட்டு லா இது. எங்க படம்தான் ஜெயிக்கும். ஜெயிக்கலன்னா உன் முன்னாலயே உக்காந்து மீசைய எடுத்துக்கறேன்."

"எடுத்துட்டு வீட்டுக்கு எப்படிப் போவ? உன் பொண்டாட்டி வேற ஆளுன்னு கதவத் தொறக்கமாட்டா" என்றார் ரெங்கசாமி அண்ணன்.

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான், ஆள் பிடிப்புக்குப் பயந்து காட்டோரம் படுத்துக் கிடந்தவர்கள்கூட விழாவுக்கு வருவதாகச் சொன்னார்கள்.

விழா பிற்பகலில். காகிதத்துக்குப் பஞ்சம் என்பதால் ஓட்டுக்கு விதை. வாசலில் ஆண்களுக்கு ஒரு ரப்பர் விதை, பெண்களுக்கு ஒரு சிவப்புச் சாகா விதை, அதாவது மஞ்சாடி விதை, கொடுக்கச் சொன்னார் அதிகாரி. ஆண்களுக்கு எது பிடிக்கிறது, பெண்களுக்கு எது பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ளவாம். திரைக்குக் கீழே மூன்று மண்ணெண்ணெய் டின்கள். ஒவ்வொன்றிலும் படத்தின் நோட்டீஸை ஒட்டியிருந்தோம். விதை விழும் 'டங்' சத்தத்தை வைத்தே எந்த டின் என்று ஜனங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். முனியாண்டி தமிழ்ப் படத்து டின்னில் விதையைப் போட்டுவிட்டு மீசையை ஒரு முறுக்கு முறுக்கினான். கல்யாண வீட்டுக் களை. அப்படி ஒரு களையைப் பார்த்து நாளாகியிருந்தது.

ரெங்கசாமி அண்ணன் மேலே மெஷின் ரூமில் இருந்ததால் அவருக்கு ஒரு விதையை என் சட்டைப் பையில் எடுத்து வைத்தேன்.

எல்லாரும் உட்கார்ந்ததும் டின்களைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். நான் நிற்கும் இடத்திலிருந்து திரையின் இரண்டு பக்கமும் தெரியும். அங்கே ஒரு பாய் விரித்திருந்தது. சிப்பாய் ஒருவன் முதல் டின்னைப் பாயில் கவிழ்த்தான். இரண்டாவது டின்னையும் அதன்மேலேயே கவிழ்த்தான். மூன்றாவதையும் கவிழ்த்தான்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எந்தப் படம் ஜெயித்தது என்று தெரிந்துகொள்ள நினைப்பவன் மூன்று டின்னையும் ஒன்றாகக் கொட்டுவானா? தெரியாமல் செய்துவிட்டானோ என்று அதிகாரியைப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். சிப்பாய் சிவப்பு விதைகளை உள்ளங்கையால் ஓரமாகத் தள்ளினான். ரப்பர் விதைகளை மட்டும் எண்ணத் தொடங்கினான். எண்ணி முடித்துச் சொன்னதும், அதிகாரி தன்னோடு வந்த துபாஷியிடம் ஒரு வார்த்தை சொன்னார். துபாஷி வெளியே இறங்கி ஸ்டேஷன் பக்கம் போனான்.

படத்தைத் தொடங்கலாமா என்று கேட்கப் போவதுபோல நான் மேலே ஏறினேன். எனக்கு அந்த ஏணிப்படி ஏற நேரம் பிடிக்கும். அன்றைக்கு எப்படி ஏறினேன் என்று ஞாபகமே இல்லை.

ரெங்கசாமி அண்ணன் சின்ன ஜன்னலில் நின்றிருந்தார். "என்னா, ஓட்டு எண்ணியாச்சா?"

"மூணு டின்னையும் ஒரே பாயில கொட்டிட்டாங்கண்ணே."

"கொட்டி?"

"செவப்ப ஓரமா தள்ளிட்டாங்க. ரப்பர் விதைய மட்டும்தான் எண்ணுனாங்க."

அவர் ஜன்னலில் எனக்கு இடம் விட்டு ஒதுங்கினார். பிறகு, "இங்க வந்து பாரு" என்றார்.

ஸ்டேஷன் சாலை மரத்தடியில் லோரிகள் நின்றன. தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி, கதவுகள் திறந்தபடி.

"காலைல இருந்து பாக்கறேன். ஒரு அரிசி மூட்டை எறங்கல, ஒரு பரிசுப் பொட்டி எறங்கல. எல்லாம் காலி வண்டி. ஏத்தத்தான் வந்திருக்கு."

"அலமாக்... ஆம்பளைங்க எத்தன பேருன்னு பாக்கத்தானா இதெல்லாம்? கத்திரலாமாண்ணே?"

"கத்துனா என்னா ஆவும்? வந்த வாசலுக்குத்தான் எல்லாரும் ஓடுவான். அங்க துப்பாக்கியோட நிக்கிறான். பொம்பள புள்ளையெல்லாம் மிதிபட்டுச் சாவும்."

"பின்கதவு?"

"அங்க ஒருத்தனும் இல்ல. கக்கூஸ் நாத்தத்துல எந்தச் சிப்பாய் நிப்பான்? தாண்டுனா ரப்பர் மரந்தான்." அவர் என் தோளைப் பிடித்தார். "அந்தக் கதவத் தொறக்கவிடாம வச்சிருக்கறது உன் வாய்தானடா. இன்னிக்கு வாயக் கெடுத்துக்க. கதைய நாசமாக்கு. ஒருத்தன் ஒருத்தனா எழுந்து போவட்டும்."

"நீங்க வாங்கண்ணே."

"நான் எறங்குனா கார்பன் குச்சிய யாரு தள்றது, உங்கப்பனா? வெளிச்சம் போனா அவன் உள்ள வந்துருவான். போ. அஞ்சல கிட்ட மட்டும் சொல்லாத. அவ போடுற சத்தம் குளுவாங் வரைக்கும் கேக்கும்."

அந்த ஏணிப்படி இறங்குவது முன்வாசலில், சிப்பாய்கள் நிற்கும் இடத்தில். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"உங்க விதை என் பையில இருக்கு" என்றேன்.

"எதுல போடுவ? எல்லாம் ஒண்ணாயிருச்சே. வச்சிரு" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படம் தொடங்கியது. துபாஷி திரும்பி வந்து அதிகாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்குச் சந்தைத் தமிழ் கொஞ்சம் தெரியும். அதனால் நேராக ஒன்றும் சொல்ல முடியாது. நான் குழலை எடுத்தேன்.

"ஒரு விமானம் வருது. அது போவுது. இன்னொரு விமானம் வருது. அதுவும் போவுது."

"என்னாப்பா, காலைல கிழங்குகூட கெடைக்கலியா? கதையில உப்பே இல்ல!" என்றான் முனியாண்டி.

"குழாய்ல ஓட்டை போல!" என்றான் இன்னொருவன்.

"உப்பு வேணும்னா பின்னால போயி ஒரு ரொக்கோ பத்தவச்சு ஊதிட்டு வாங்க. இந்த விமானம் எறங்குறதுக்கு இன்னும் நேரம் கெடக்கு" என்றேன்.

கொட்டகை சிரித்தது. துபாஷியும் சிரித்தான். பின்கதவு முதல் தடவை கத்தியது.

என் வேலைக்காலம் முழுவதும் அந்தச் சத்தம் எனக்கு அவமானம். அன்றைக்கு ஒவ்வொரு கீச்சுக்கும் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. விமானி தாயிடம் விடைபெறும் காட்சி வந்தது. வழக்கமாக அந்தக் கட்டத்தில் பெண்களெல்லாம் கண்ணைத் துடைப்பார்கள். நான் குரலில் எந்த உணர்ச்சியும் இல்லாமல், "தாய் சொல்லுது. ஐயா, முன்வாசல் வழியா போவாத. பின்வாசல் வழியா போ. போனவன் திரும்பி வராத. லயத்துக்கும் போவாத. மரத்துக்குள்ள மறைஞ்சி போயிரு" என்றேன்.

ஜப்பான் நாட்டுத் தாய் எங்கே தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைக் கண்டாள்? யோசித்தவன் எழுந்தான். நடுவரிசையில் ஒருவர் தன் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். துபாஷி என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். மறுபடி விமானத்துக்குப் போனேன். அது வருது. இது போவுது.

எழுந்து போனவர்கள் எல்லாரும் தப்பிப் போகவில்லை. இதைத்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். ரொக்கோ பிடித்துவிட்டுச் சிலர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். எந்தப் படத்துக்குப் பரிசு என்று தெரிய வேண்டுமே! முனியாண்டியை அவன் கூட்டாளி தோளைத் தட்டிக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது.

"வாடா, ஒரு ரொக்கோ புடிச்சிட்டு வரலாம்."

"நீ போ. நான் வெளிய போற நேரம் பாத்து ரிசல்ட்டு சொல்லிட்டான்னா? மீசை சமாச்சாரம் லா."

படம் முடிந்தது. விளக்குப் போட்டபோது பாதிக்கு மேல் ஆண்கள் பெஞ்சில் இருந்தார்கள். முன்கதவும் பின்கதவும் ஒன்றாகத் திறந்தன. இப்போது இரண்டிலும் சிப்பாய்கள். அதிகாரி மேடை ஏறவில்லை. படத்தின் பேரைச் சொல்லவில்லை. பெண்களை ஒரு பக்கம் தள்ளினார்கள். என் காலைப் பார்த்துவிட்டு என்னையும் பெண்களோடு தள்ளினார்கள். அழுகைச் சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது.

ரெங்கசாமி அண்ணனை ஏணியிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார்கள். அஞ்சலை, "இவரு மெஷின்காரரு! இவரு மெஷின்காரரு!" என்று கத்திக்கொண்டே இருந்தார். யாரிடம் சொல்வதென்று தெரியாமல் சிப்பாயிடமும் சொன்னார், துபாஷியிடமும் சொன்னார், என்னிடமும் சொன்னார். அண்ணன் என்னைத் தாண்டும்போது, "மெஷின் சூடா இருக்கு. ஒடனே மூடி வைக்காத" என்றார்.

அவருக்குப் பின்னால் முனியாண்டி. சிப்பாய் முதுகில் இடித்துத் தள்ளுகிறான். அவன் திரும்பித் திரும்பி என்னைத்தான் பார்க்கிறான். "யோவ், எந்தப் படம்யா ஜெயிச்சது? சொல்லுய்யா!"

பாயில் கொட்டிய விதைகள் கலந்து கிடந்தன. யாருக்கும் தெரியாது. ஆனால் அவனுக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

"உன் படந்தான்டா" என்றேன்.

கூட்டத்துக்குள் அவன் கை மேலே எழுந்து மீசைக்குப் போனதைப் பார்த்தேன். அப்புறம் லோரியின் கித்தான் இறங்கிவிட்டது.

அண்ணனும் முனியாண்டியும் திரும்பி வரவில்லை. பின்கதவு வழியாகப் போனவர்களில் பலர் பிழைத்தார்கள். உலு திராம் பக்கம் இருக்கும் ஒருவர் இன்றைக்கும் தீபாவளிக்கு என் வீட்டுக்குப் பலகாரம் அனுப்புகிறார்.

பிள்ளைகளே, அன்று விமானப் படம்தான் ஜெயிக்கும் என்று நான் சொன்னது தப்பான கணிப்பு இல்லை. மூன்று படத்தையும் அலசினேன், ஓட்டுப் போடும் ஜனங்களை அலசினேன், பரிசு கொடுக்கிறவனைக்கூட அலசினேன். எதற்காக விழா என்று மட்டும் நானும் கேட்கவில்லை, ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. ஜெயிப்பது யார் என்று கேட்கத் தொடங்கிவிட்டால் மனிதனுக்கு மற்ற கேள்வியெல்லாம் மறந்துபோகிறது. அந்த ஆசை அப்படிப்பட்டது. நீங்கள் அந்த ஆசையை வைத்துத்தான் பக்கம் நிரப்பப் போகிறீர்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நானும் அதில்தான் சோறு தின்றேன். ஆனால் யார் எண்ணுகிறார்கள், எதை எண்ணுகிறார்கள் என்று ஒருமுறை திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மறுநாள் காலையில் நான் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். டின்களைத் திரைக்குக் கீழே பழைய இடத்தில் வைத்திருந்தேன். ஏன் அப்படி வைத்தேன் என்று தெரியவில்லை. அஞ்சலை உள்ளே வந்தார். கையில் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. பழக்கத்தில் எடுத்து வந்துவிட்டார் போலிருக்கிறது. மெஷின் ரூமை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அவரு ஓட்டுப் போட்டாரா, தம்பி?"

சட்டைப் பையிலிருந்து விதையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "எறங்கி வர நேரமில்லக்கா. இது அவரோடது."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தினமும் காலடியில் மிதிபடும் சாதாரண ரப்பர் விதைதான். பிறகு ஒவ்வொரு டின்னாகக் குனிந்து உள்ளே பார்த்தார். மூன்றும் காலி.

"இத எதுல போடணும்?"

ஊரே வந்து கேட்கும் கேள்விக்கெல்லாம் வாய் ஓயாமல் பதில் சொன்னவன் நான். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அஞ்சலை விதையை முந்தானையில் வைத்து முடிந்துகொண்டார். தூக்கிலிருந்த கிழங்கை என் முன்னால் வைத்துவிட்டு, முன்வாசல் வழியாகப் பால் வெட்டுக்குப் போனார்.